வயிறு அமைதியாயிட்டா குடல் ஆறிடுச்சுன்னு அர்த்தமா?

"ஐபிடி இருக்கு, என்ன சாப்பிடலாம்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் பண்ணின தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு இருக்கிறது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். பெருங்குடலின் உள்சுவரில் அழற்சி, புண், ரத்தப்போக்கு. இதே குடும்பத்தில் இன்னொன்று கிரோன்ஸ். அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரலாம். இரண்டிலும் நம்ம எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குது.

ஹோட்டல் சாப்பாடு, காரம் எல்லாம் விட்டுட்டு குழைஞ்ச சாதம், இட்லி, சுரைக்காய் கூட்டுன்னு மாறினேன். மூணே வாரத்தில் வயிறு அமைதி. சாப்பாடே போதும்னு மாத்திரையை நானா நிறுத்திட்டேன். ரெண்டு மாசத்தில் மறுபடி ரத்தம். மலத்தில் கால்ப்ரொடெக்டின் டெஸ்ட் எடுத்தாங்க, அழற்சி எகிறியிருந்தது. வலி இல்லாததும் அழற்சி இல்லாததும் ஒண்ணு இல்லைன்னு அப்பதான் புரிஞ்சுது.

அப்போ சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கு. நோய் தீவிரமா இருக்கும்போது தோல், விதை, பச்சைக் காய்கறி, முளைகட்டிய பயறு இதெல்லாம் குறைச்சா வயிற்றுக்குச் சுமை குறையும். கிரோன்ஸில் குடல் சுருங்கியிருந்தா நார்ச்சத்து அடைப்பே உண்டாக்கலாம்.

நோய் அடங்கின பிறகு, ஒவ்வொரு உணவா திரும்பச் சேர்க்கணும். ஒரு நேரத்தில் ஒண்ணே ஒண்ணு. ரெண்டு மூணு நாள் பார்த்து, குறிச்சு வைக்கணும். கோடில் ஒரே நேரத்தில் பத்து வரி மாத்தினா எதனால உடைஞ்சதுன்னு தெரியாதில்ல? அதே கதைதான். பயந்துபோய் எல்லாத்தையும் ஒதுக்கினா எடை குறையும், இரும்புச்சத்தும் குறையும்.

கிரோன்ஸ் உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் திரவ ஊட்டச்சத்து மட்டும் கொடுத்தே நோயை அடக்குறாங்க. ஆனா அது டாக்டர் கண்காணிப்பில் நடக்கிற சிகிச்சை. அமெரிக்காவில் 194 கிரோன்ஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. தானியம், சர்க்கரையெல்லாம் தவிர்க்கிற கடுமையான டயட் ஒரு பக்கம். காய், பழம், மீன், ஆலிவ் எண்ணெய்னு சாதாரண மெடிட்டரேனியன் சாப்பாடு இன்னொரு பக்கம். 6 வாரம் கழிச்சுப் பார்த்தா பலன் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால உங்களால தொடர முடிகிற சாப்பாட்டையே தேர்ந்தெடுங்க.

மாத்திரையை நிறுத்தணும்னு தோணினா, முதல்ல டாக்டரைப் பாருங்க. டெஸ்ட் என்ன சொல்லுதுன்னு கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.