பாலூ வீசிய பந்து

நெருள் டி.ஒய். பாட்டீல் கிரிக்கெட் அரங்கைக் கடக்கும்போது இந்தக் கிரிக்கெட் வீரரின் பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள்: பல்வங்கர் பாலூ.

தோல் தொழில் செய்த சமூகத்தில் 1876-இல் பிறந்தவர். புனேயில் வெள்ளையர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய்ச் சம்பளம். மைதானத்தைச் சமன்படுத்துவதும் வலை கட்டுவதும் வேலை. கிரெய்க் என்ற ஆங்கிலேய மட்டையாளருக்குப் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசி வீசியே இடக்கைச் சுழலில் தேர்ந்தார். மட்டையைப் பிடிக்க மட்டும் யாரும் அவரை விடவில்லை.

பிறகு இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆட்டத்தில் எல்லோரும் தொட்ட பந்தைத்தான் அவரும் தொட்டார். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண்குவளையில் தேநீர்! எவ்வளவு பெரிய அநீதி அது.

1906-இல் பம்பாயில் ஐரோப்பியர் அணியை இந்துக்கள் 109 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தினார்கள். அந்த வெற்றியில் பாலூவுக்குப் பெரும் பங்கு. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். இளைஞர் அம்பேத்கருக்கு அவர் ஆதர்ச நாயகர்.

இருந்தும் இந்து அணியின் தலைவர் பதவி பாலூவுக்குக் கிடைக்கவே இல்லை. 1920-இல் தம்பிகள் விட்டலும் சிவ்ராமும் எதிர்ப்புத் தெரிவித்து அணியிலிருந்து விலகி நின்றார்கள். அமெரிக்க பேஸ்பாலில் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்தது 1947-இல். அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1923-இல், விட்டல் இந்து அணியின் தலைவரானார்; ஐரோப்பியரை வென்று அந்த ஆண்டின் கோப்பையையும் கைப்பற்றினார்.