சான்றிதழ் வந்துவிட்டது, வேலை தெரியுமா?

‘கட்டாயப் பயிற்சி. மாதக் கடைசிக்குள் முடிக்கவும்’ என்று ஹெச்.ஆர். பிரிவிலிருந்து மெயில் வருகிறது. ஊழியர் ஒரு பக்கம் வீடியோவை ஓடவிட்டு, மறுபக்கம் தன் வேலையைப் பார்க்கிறார். முடிவில் சில கேள்விகள். தவறினால் மறுபடியும் எழுதலாம். சான்றிதழ் கைக்கு வந்துவிடுகிறது. பல அலுவலகங்களில் இன்றைய இணையவழிப் பயிற்சி இதுதான். இது மாற வேண்டும், மாற்றவும் முடியும்.

இணையவழிக் கல்வியின் பலத்தைக் கொரோனா காலம் காட்டியது. ஊரடங்கில் யாரையும் ஓரிடத்தில் கூட்ட முடியாத 2020 ஏப்ரலில், மருத்துவர்கள், செவிலியர்கள், தூய்மைப் பணியாளர்கள் உள்ளிட்ட முன்களப் பணியாளர்களுக்காக மத்திய அரசு ‘தீக்ஷா’ இணையதளத்தில் ‘ஐ-காட்’ என்ற இணையவழிப் பயிற்சியைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் ‘மிஷன் கர்மயோகி’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எட்டாத இடத்துக்கும் பாடம் எட்டும் என்பது உறுதியானது. எட்டிய பாடம் மனதில் தங்குகிறதா என்பதே அடுத்த கேள்வி.

மறதியின் கணக்கு

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி ஒரே நாளில் மறந்துபோகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது. ஆண்டுக்கொருமுறை இரண்டு மணி நேர வீடியோ காட்டுவதைவிட, வாரம் ஐந்து நிமிடம், ஒரு கேள்வி, ஒரு நினைவூட்டல் என்று பிரித்துத் தருவது மேல். செல்போன் இதற்கு ஏற்ற கருவி.

கைத்தொழிலுக்கு அதுவும் போதாது; கை பழக வேண்டும். வெல்டிங் சிமுலேட்டரில் டார்ச்சைப் பிடிக்கும் கோணம், நகர்த்தும் வேகம், உலோகத்திலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றைச் சென்சார்கள் அளந்து, பிழையை உடனே காட்டுகின்றன. தகடு வீணாவதில்லை, தீக்காய பயமில்லை. பழகிய கையோடு பிறகு நிஜ வெல்டிங்குக்குப் போகலாம்.

புரியும் மொழியில்

தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் நம்மூர் இளைஞர்களோடு பீகார், ஒடிசா தொழிலாளர்களும் நிற்கிறார்கள். பிரஸ் மெஷினில் கை சிக்காமல் காக்கும் விதியை ஆங்கிலத்தில் மட்டும் சொல்வது யாருக்குப் பயன்படும்? செயற்கை நுண்ணறிவின் உதவியால் ஒரே பாடத்தைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் குரலாகவே தரலாம்; தொழிலாளி சந்தேகமும் கேட்கலாம். ஆனால் செயற்கை நுண்ணறிவு தவறாகவும் பதில் சொல்லும். பாதுகாப்பு விஷயத்தில் ஒரு தவறு விரலைப் பறித்துவிடும். அனுபவமுள்ள சூப்பர்வைசர் சரிபார்த்த பாடம் மட்டுமே தொழிலாளியிடம் போக வேண்டும்.

நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சியை ஷிஃப்ட் முடிந்து களைத்தவரின் வீட்டுப்பாடமாக்காதீர்கள். சம்பளம் தரும் வேலை நேரத்திலேயே அதற்கு நேரம் ஒதுக்குங்கள். எத்தனை பேர் பாடத்தை முடித்தார்கள் என்று எண்ணுவதோடு நிற்காமல், விபத்து குறைந்ததா, பழுது குறைந்ததா என்று பாருங்கள். பயிற்சி பலித்ததற்கு அதுவே சான்று.