நச்சென்று தெரிவது எதனால்?

‘படம் சும்மா நச்சுனு இருக்கு!’ பார்த்த மாத்திரத்தில் நாம் சொல்லிவிடும் இந்தத் தீர்ப்பில் மெகாபிக்சலுக்கு இருக்கும் பங்கு குறைவு. ஷார்ப்பாகத் தெரிகிறது என்று நாம் நம்பும் பல படங்களில் வேலை செய்திருப்பது காண்ட்ராஸ்ட்தான்.

கேம்பிரிட்ஜில் கேம்ப்பெல், ராப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கறுப்பு வெள்ளைக் கோடுகளைக் காட்டிக் கண்ணைச் சோதித்து, 1968-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பார்த்தால் அதன் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. அதற்குள் 3 முதல் 5 ஜோடிக் கோடுகள் இருந்தால், அவை மிக மங்கலாக இருந்தாலும் கண் சட்டென்று பிடித்துவிடும். நல்ல பார்வைக்கு 60 ஜோடி வரைகூடத் தெரியும். ஆனால், கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இருந்தால்தான்!

அதனால்தான் கேனான், நிக்கான் நிறுவனங்கள் லென்ஸின் தரத்தை இரண்டு கணக்கில் காட்டுகின்றன. மில்லிமீட்டருக்கு 10 ஜோடிக் கோடுகள் எவ்வளவு அழுத்தமாக விழுகின்றன என்பது ஒன்று. 30 ஜோடி எப்படி விழுகின்றன என்பது மற்றொன்று. முதல் கணக்கில் சறுக்கிய லென்ஸ், இரண்டாவதில் தேறினாலும் படம் டல்லடிக்கும்.

காண்ட்ராஸ்ட்டைத் தின்பது சிதறும் ஒளி. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவிகித ஒளி திரும்பிவிடும். 12 பரப்புகள் இருந்தால் நேராகப் போய்ச் சேருவது 61 சதவிகிதம்தான். திரும்பிய ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து, கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். 1935-ல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த பூச்சு இதற்குத்தான் கடிவாளம் போட்டது. மொபைல் லென்ஸில் படியும் விரல் பிசுக்கு அந்தப் பழைய தொல்லையைத் திரும்ப அழைத்து வருகிறது.

‘ஷார்ப்னெஸ்’ பட்டனும் இல்லாத விவரத்தைக் கொண்டுவருவதில்லை. விளிம்பின் வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளுப்பாக்கி, இருட்டுப் பக்கத்தை இன்னும் கறுப்பாக்குகிறது, அவ்வளவே. அளவு மீறினால் கட்டடத்தின் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு ஓடும், முகத்தின் தோல் சொரசொரக்கும்.

எனவே வரிசை முக்கியம். முதலில் லென்ஸைத் துடையுங்கள். பிறகு காண்ட்ராஸ்ட்டைச் சரிசெய்யுங்கள். அதிலேயே விளிம்புகள் பாதி எழுந்துவிடும். ஷார்ப்னெஸ் கடைசியில், கொஞ்சமாக. டிவிக்கும் இதே கதைதான்: எழுத்துகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால், அது மறையும்வரை ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள்.