ஈரம் போனால்தான் மணம் வரும்

சோயா சாஸை எப்போது தடவுவது? ஜப்பானியர்கள் 'யாகி ஓனிகிரி' என்று சொல்லும் சுட்ட சோற்று உருண்டையின் பக்குவம் முழுவதும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. சோறு, சாஸ், தணல் தவிர இதற்கு வேறெதுவும் வேண்டாம். ஆனாலும் வீட்டில் செய்பவர்கள் பலருக்கு உருண்டை கம்பிவலையில் ஒட்டி உதிர்ந்துவிடும், இல்லையென்றால் சாஸ் கருகிக் கசக்கும். பெரும்பாலும் அவசரப்பட்டுச் சாஸ் தடவுவதுதான் காரணம்.

முதலில் அரிசி. அதன் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரண்டு மூலக்கூறுகள் உண்டு. அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாத நீண்ட சங்கிலி. அது மிகுந்தால் சோறு உதிரியாக நிற்கும். அமைலோபெக்டின் பல கிளைகள் விட்டது. பசையைத் தருவது அதுதான். ஃபுகுயி மாநிலத்தில் உருவாக்கப்பட்டு, 1956-இல் பெயர் சூட்டப்பட்டு, இன்றும் ஜப்பானில் பெருமளவில் பயிராகும் கோஷிஹிகாரி ரகத்தில் அமைலோஸ் ஏறக்குறைய 17 சதவீதம்தான். நம் பொன்னியில் உருண்டை பிடித்தால் வலைமேல் வைத்ததும் பிரிந்துவிடும். கடையில் 'சுஷி அரிசி' என்று விற்கும் குட்டை ரகத்தை வாங்குவதே நல்லது.

சோறு சூடாக இருக்கும்போதே கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். ஆறியபின் மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்வதால் பருக்கை விறைத்து, ஒன்றோடொன்று சேராது. சுடாமல் தின்னும் ஓனிகிரியைவிட இதைச் சற்று அழுத்திப் பிடிக்கலாம். பருக்கை நசுங்கக் கூடாது.

இனி சுடுவது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வருகிற சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகும். பொன்னிறமும் வறுத்த மணமும் வேகமாக உண்டாக ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் கூடி நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாக மாறுகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மயார் பெயரில் இது மயார் வினை எனப்படுகிறது. சோற்றுப்பானையின் அடிக் காந்தலைச் சுரண்டித் தின்றவர்களுக்கு இந்த மணத்தில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஆகவே சாஸ் இல்லாமல், மிதமான தணலில், இரு பக்கமும் முதலில் சுட வேண்டும். வெள்ளை மங்கி, தொட்டால் காய்ந்த ஓடுபோல இருக்கும். அந்த நிலை வருமுன் திருப்பினால் பாதி உருண்டை வலையோடு போய்விடும். ஓடு கட்டியபின் தானாகவே விடும். அப்போதுதான் சாஸ். அதிலும் பெரும்பகுதி நீர் என்பதால் மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, மறுபடி தடவ வேண்டும். கோஜி என்ற பூஞ்சை சோயாவின் புரதத்தை அமினோ அமிலங்களாகவும், கோதுமையின் மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும் முன்பே உடைத்து வைத்திருப்பதால், மயார் வினைக்கு வேண்டிய இரண்டும் சாஸில் தயாராக உள்ளன. அதனால்தான் சில நொடிகளில் நிறம் ஏறுகிறது. அதே வேகத்தில் கருகியும் விடுகிறது. இந்த நேரத்தில் அடுப்பைவிட்டு நகரக் கூடாது.

ஜப்பானின் நீகாதா மாநிலத்தில் சாஸுக்குப் பதில் இஞ்சி கலந்த மிசோ என்ற புளித்த சோயா விழுதைத் தடவிச் சுடுவார்கள். போர்வீரர்கள் வாள் முனையில் குத்திச் சுட்டதில் தொடங்கியது என்று அங்கே ஒரு கதை உண்டு. சிலர் சுட்டதைக் கிண்ணத்தில் வைத்துச் சூடான தேநீர் ஊற்றிக் குடிப்பார்கள். எனக்கு வெறும் சாஸே போதும் என்று தோன்றுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மிஞ்சிய சோற்றை வெளியே வைத்துவிட்டு, 'சுடத்தானே போகிறோம்' என்று இருக்கக் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும்போதும் சாவதில்லை. அறைச்சூட்டில் அவை முளைத்துப் பெருகி உண்டாக்கும், வாந்தி வரவழைக்கும் நச்சு, தணலுக்கும் அழியாது. மீந்தால் சூடு தணிந்ததும் உருண்டையாகவே சுற்றி ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு வேண்டாம். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் சோறு மிக வேகமாக விறைக்கிறது. எடுத்து, உள்வரை சூடாக்கி, பிறகு வலையில் வைத்தால் போதும்.