பொற்றுணிக்கையும் வாய்ப்புற்றும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வெற்றிலை வட்டா விருந்தோம்பலின் அடையாளம் மட்டுமன்று. வயலிலும் வாவியிலும் உழைப்போர் பசியையும் சோர்வையும் மறக்கத் துணைக்கொள்வதும் அதனையே. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றாகும். புகையிலை சேராத பாக்குங்கூடப் புற்றுநோயை விளைவிப்பதென உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. ஆதலின், தங்கத்தையும் ஒளியையும் இணைத்த புதிய ஆய்வொன்று வாய்ப்புற்றுக் கலங்களை ஆய்பொருளாகக் கொண்டமை நமது கவனத்திற்குரியது.

தங்கத்தைச் சில பத்து நனோமீற்றர் அளவு துணிக்கைகளாக்கி நீரில் மிதக்கவிடின் அது மஞ்சளாகவன்றி மாணிக்கச் சிவப்பாகத் தோன்றும். மைக்கேல் பரடே 1857இல் இலண்டனில் இதனை ஆராய்ந்து விளக்கினார். குறித்த நிற ஒளியுடன் பொன்னின் இலத்திரன்கள் ஒத்திசைந்து அலைவதே இதற்குக் காரணம். அவ்வொளியில் ஒரு பகுதியைத் துணிக்கை சிதறுகிறது. ஒரு பகுதியை உறிஞ்சி வெப்பமாக்குகிறது. சிதறலால் நோயைக் காணலாம், வெப்பத்தால் அழிக்கலாம். கோளத்துணிக்கையைக் கோல் வடிவாக்கின் ஒத்திசைவு செங்கீழ்க் கதிரை நோக்கி நகரும். அக்கதிரோ கட்புலனாகும் ஒளியினும் ஆழமாகத் தசையுள் புகவல்லது. (சித்தர்கள் தங்க பற்பம் செய்தமையைக் காட்டி இவ்விஞ்ஞானம் முன்னரே நம்மிடமிருந்தது எனப் பெருமிதங்கொள்வாரும் உளர். ஒளியும் இலக்குத் தேடலும் அங்கில்லை.)

2005, 2006ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் முஸ்தபா எல்-சயிட் குழுவினர், வாய்ப்புற்றுக் கலங்களின் மேற்பரப்பில் மிகையாகவுள்ள புரதமொன்றைப் பற்றும் பிறபொருளெதிரியைப் பொற்றுணிக்கைகளிற் பிணைத்தனர். நுணுக்குக்காட்டியில் நோயுற்ற கலங்கள் ஒளிர்ந்தன. பொற்கோல்களைப் பயன்படுத்தி லேசர் பாய்ச்சியபோது, நலமான கலங்களை அழிக்க வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ அரைப்பங்கே அவற்றை அழிக்கப் போதுமாயிற்று. இவை ஆய்வுகூடத்தில் நிகழ்ந்தவை. மனிதரிடத்தோ, புரஸ்டேட் புற்றுநோயாளர் 16 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவுகள் 2019இல் வெளியாகின. துணிக்கை அங்கு சிலிக்காவின்மேல் படிந்த பொன்னோடு.

இச்சிகிச்சை எவருக்குக் கிட்டும்? அதனை நிருணயிப்பது பொன்னின் விலை மட்டுமன்று. காப்புரிமையும் லேசர்க் கருவியும் நீண்ட பரிசோதனைகளில் முடக்கப்பட்ட மூலதனமும் விலையுட் புகுகின்றன. நாட்கூலியை இழக்க இயலாத உழைப்பாளி வைத்தியசாலையை நாடுவது பெரும்பாலும் நோய் முற்றிய பின்னரே. வாயினுள் தோன்றும் வெண்படலமும் செம்படலமும் சாதாரண வெளிச்சத்திலேயே கண்ணுக்குப் புலப்படுபவை. அவற்றை ஆரம்ப சுகாதாரப் பணியாளரே இனங்காண இயலும் என்பதை இலங்கையில் நடந்து 1984இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. பொற்றுணிக்கை மட்டக்களப்புக்கு வரும்வரை அவ்வெளிச்சமேனும் படுவான்கரைக் கிராமங்கள் யாவற்றையும் சென்றடைதல் வேண்டும் என நாம் கோருகின்றோம்.