வெற்றுத்தாளில் பதிந்த முத்திரை: அமைச்சர் மகமூது கவான்

இடைக்கால இசுலாமிய அரசவைகளில் முதலமைச்சரை 'வசீர்' என்று அழைத்தனர். வரி, படை, கடிதப் போக்குவரத்து ஆகிய யாவும் அவர் கைவழியே நடந்தன. ஆயினும் அவருடைய அதிகாரம் வேந்தனின் நம்பிக்கை என்னும் ஒற்றைத் தூணின்மேல் நின்றது. அத்தூண் சாயின் யாது நிகழும் என்பதற்குத் தக்காணத்துப் பாமினி அரசின் அமைச்சர் மகமூது கவானின் வாழ்வு தக்கதொரு சான்றாகும்.

வணிகராய் வந்தவர்

கவான் பாரசீகத்தின் கீலான் பகுதியில் பிறந்தவர். ஏறத்தாழ 1453ஆம் ஆண்டில் வணிகராகப் பீதார் நகருக்கு வந்தார். அவரது கல்வியும் நடுவுநிலைமையும் அரசவையின் கதவைத் திறந்தன. சுல்தான் உமாயூன் அவருக்கு 'வணிகர் தலைவர்' என்னும் பொருள்படும் 'மலிக்குத் துஜ்ஜார்' என்ற பட்டத்தை வழங்கினார். உமாயூன் 1461இல் மறைந்தபோது அரியணை ஏறியவர் ஒரு சிறுவர். அரசன்னையுடன் சேர்ந்து நாட்டைக் காத்த மூவருள் கவானும் ஒருவர். மூன்றாம் முகம்மது ஷாவின் ஆட்சியில், 1466இல், அவர் முதலமைச்சரானார். 1472இல் விசயநகரத்தாரிடமிருந்து கோவாத் துறைமுகத்தைக் கைப்பற்றினார்.

ஆட்சிச் சீர்திருத்தம்

வெற்றியினும் அரியது அவர் செய்த சீர்திருத்தம். நாடு அதுவரை நான்கு பெரும் மாகாணங்களாக இருந்தது. ஒவ்வோர் ஆளுநரும் தம் எல்லைக்குள் குறுநில மன்னர் போல் விளங்கினர். கவான் நான்கினை எட்டாக்கினார். ஆளுநரின் பொறுப்பில் ஒரு கோட்டையை மட்டுமே விட்டு, ஏனைய கோட்டைகளின் தலைவர்களை நடுவண் அரசே அமர்த்துமாறு செய்தார். நிலங்களை அளக்கச் செய்தார். குறித்த அளவு படைவீரரை வைத்திராத தலைவரின் ஊதியத்தில் அதற்குரிய தொகை பிடிக்கப்பட்டது.

கணக்குக் கேட்பவரைக் கணக்கில் தவறியவர் வெறுப்பது உலகியல்பன்றோ! மேலும், தக்காணத்திலேயே வேரூன்றிய தலைவர்களுக்கும், பாரசீகம் முதலிய நாடுகளினின்று வந்த 'ஆஃபாக்கி'களுக்கும் இடையே நெடுங்காலப் பகை இருந்தது. கவான் இருசாராருக்கும் பதவிகளைப் பகிர்ந்தளித்துச் சமன் செய்ய முயன்றார். எனினும் பகை தணியவில்லை.

அறிவுப் பணி

1472இல் பீதாரில் மூன்றடுக்கு மதரசா ஒன்றை அவர் எழுப்பினார். நீலமும் மஞ்சளும் வெள்ளையுமாய் ஓடு பதித்த அதன் முகப்பு, பாரசீகக் கலையைத் தக்காணத்திற்குக் கொணர்ந்தது. அவருடைய கடிதங்கள் 'ரியாசுல் இன்ஷா' என்னும் தொகுப்பாக நிலைத்துள்ளன. பாரசீகக் கவிஞர் ஜாமியுடனும் அவர் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார்.

சதியும் முடிவும்

1481இல் சுல்தான் கிழக்குக் கரையில் படையெடுத்து, காஞ்சி வரை சென்று மீண்டார். அவ்வேளையில் பகைவர் வலை விரித்தனர். கவானின் முத்திரையைக் காத்த அடிமையை மதுவால் மயக்கி, வெற்றுத்தாள் ஒன்றில் முத்திரையைப் பதிப்பித்துக்கொண்டனர். பாமினி நாட்டின்மீது படையெடுத்து வருமாறு ஒரிசா வேந்தரைக் கவான் அழைப்பது போல் அதில் எழுதிச் சுல்தானிடம் காட்டினர்.

கவான் அழைக்கப்பட்டார். முத்திரை தம்முடையதே என்றும், கடிதம் தம்முடையதன்று என்றும் கூறினார். எழுதியவர் யார், கொணர்ந்தவர் யார் என்ற ஆராய்ச்சி நிகழவில்லை. 1481 ஏப்பிரல் 5ஆம் நாள், கொண்டப்பள்ளிப் பாசறையில், அம்முதியவரின் தலை கொய்யப்பட்டது. அவரது கருவூலத்தைத் திறந்தபோது பெருஞ்செல்வம் ஏதும் காணப்படவில்லை. உண்மையை உணர்ந்த சுல்தான் வருந்தி, மறு ஆண்டே மறைந்தார்.

கவான் தடுக்க முயன்ற பிளவு பின்னர் நிகழ்ந்தே தீர்ந்தது. கவானின் அரவணைப்பில் வளர்ந்த யூசுப் ஆதில்கான் பீசப்பூரிலும், அவரை எதிர்த்த மலிக் ஹசனின் மகன் அகமது அகமதுநகரிலும் தனியரசு கண்டனர். பாமினி அரசு இறுதியில் ஐந்தாகச் சிதறியது.

மதரசாவின் ஒரு பகுதி 1696இல் வெடிமருந்து வெடித்துச் சிதைந்தது. எஞ்சிய ஒற்றைத் தூபியும் ஓடு பதித்த சுவரும் இன்றும் பீதாரில் நிற்கின்றன. கோட்டைக்கும் நிலத்திற்கும் ஊதியத்திற்கும் வரம்பு வகுத்தவர் கவான். தண்டிக்குமுன் ஆராய வேண்டும் என்ற வரம்பு மட்டும் வேந்தனுக்கு இல்லாது போயிற்று. அவ்வொரு குறையே அமைச்சரையும், அவரைத் தொடர்ந்து அரசையும் வீழ்த்தியது எனலாம்.