சிறு நாணயமும் சிறு மானியமும்

கடன் வேறு, மானியம் வேறு. தையல் இயந்திரமோ கறவை மாடோ வாங்கக் கடன் பொருந்தும். வருமானம் வந்ததும் அதைத் திருப்பிச் செலுத்தலாம். ஆனால் அடித்துத் துன்புறுத்தப்படும் பெண்கள் கூடிச் சட்ட ஆலோசனை பெறவும், ஊர்க் குடிநீருக்காக ஆட்சியர் அலுவலகம் சென்று மனுக் கொடுக்கவும் வேண்டிய பணத்தை எவ்வங்கி கடனாகத் தரும்? இத்தகைய பணிக்குச் சில ஆயிரம் ரூபாய் மானியமே போதுமானது, அதுவே கிடைத்தற்கரியது.

இதற்குத் திருச்சபை வரலாற்றில் நல்லதொரு முன்மாதிரி உண்டு. 1956ஆம் ஆண்டு, ஒப்புரவை நாடி ஆசிய நாடுகளுக்குச் சென்ற மகளிர் குழுவில் இந்தியரான சாந்தி சாலொமோன் அம்மையாரும் இருந்தார். கொரியாவுக்குள் செல்ல அவருக்கு அனுமதி கிடைக்காமையால் பிலிப்பைன்ஸில் தங்க நேர்ந்தது. மனிதர் கடக்க இயலாத எல்லையை ஜெபம் கடக்கும் என அவர் உணர்ந்தார். ஜெபிக்குந்தோறும் ஒவ்வொரு பெண்ணும் தன் நாட்டின் மிகச் சிறிய நாணயத்தை எடுத்து வைக்கலாம் என்றார். 1958இல் ஆசியத் திருச்சபை மகளிர் மாநாடு இதனை ஏற்றது. ‘லீஸ்ட் காயின்’ எனப்படும் சிறு நாணய ஐக்கியம் இவ்வாறு தோன்றியது. சேர்ந்த காசுகள் பல நாடுகளில் பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான சிறு பணிகளுக்கு மானியமாகச் செல்கின்றன.

இதனை ஏழை விதவையின் காணிக்கையோடு ஒப்பிடுவது இயல்பே (மாற்கு 12:41-44). எனினும் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். அவள் தனக்கிருந்த யாவற்றையும் போட்டாள். இங்கோ எவரிடமும் யாவும் கேட்கப்படவில்லை. செல்வரும் சிறு காசே இடுவதால், பெருங்கொடையாளர் என்னும் மேன்மையைக் கைவிடுகின்றனர். கொடுப்பவர் ஆளவும் பெறுபவர் பணியவும் இங்கு இடமில்லை.

இம்முன்மாதிரி இன்று நமக்கு மிகவும் தேவைப்படுகிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அந்நிய நன்கொடை பெறும் நிறுவனம் அதனைப் பிறிதோர் அமைப்புக்குப் பகிர்ந்தளித்தல் ஆகாது. பெரிய நிறுவனத்தின் வழியாகச் சிறுதொகை பெற்றுவந்த சிற்றூர் மகளிர் குழுவுக்கு அவ்வழி அடைபட்டது. தானே பதிவு பெறலாமே எனில், மூன்றாண்டுகளில் 15 இலட்சம் ரூபாய் செலவிட்டிருத்தல் வேண்டும் என்கின்றன அதே ஆண்டு நவம்பரில் வந்த விதிகள். சிறு குழு எங்ஙனம் இதனை எட்டும்?

ஆகவே உள்ளூரிலேயே ஊற்றுத் தோண்ட வேண்டியவர்களாயிருக்கிறோம். பிடியரிசிக் காணிக்கை அறிந்த நம் சபைகளுக்கு இது புதிதன்று. ஒவ்வொரு சேகரத்திலும் ஒரு சிறு மானிய நிதி அமையட்டும். அதற்கு மூன்று நெறிகள் போதும். முதலாவது, விண்ணப்பம் தமிழில் ஒரு பக்கமாக இருக்கட்டும். எழுத இயலாதோர் வாயால் சொல்லட்டும். இரண்டாவது, முடிவெடுக்கும் குழுவில் அத்தகைய பெண்களே அமரட்டும். மூன்றாவது, கொடுத்தவரும் பெற்றவரும் கூடியிருக்கும் அவையில் வரவு செலவு வாசிக்கப்படட்டும்.

தொகை சிறிதாயிருப்பது குறையன்று. அதனைப் பெறும் பெண் தலைகுனிய நேருமாயின், அதுவே குறை.